இரண்டாவது வாசல்

இ-சேவை மையத்துப் பையன்
என் முகத்தை மூன்று தடவை சுருக்கினான்.
"இன்னும் பெரிசாத்தான் இருக்கு அக்கா."
நாற்பத்தாறு வயசில் முதல்முறையாக
என்னைப் பெரிசு என்கிறான் ஒருத்தன்.
நூறு கேபிக்குள் நான் அடங்கியதும்
திரை பச்சையாகி அடுத்ததைக் கேட்டது:
வணிகப் பெயர்.

பெயரைப் பற்றி யார் யோசித்தது?
திங்கள்சந்தையில்
செருப்புக்கடைக்கும் பெயின்ட் கடைக்கும் நடுவே
எங்கள் வீட்டு முன்னறை, பதினாறுக்கு ஒன்பது.
மரச்சீனி, சாளைக் கறி, கட்டஞ்சாயா.
அதற்குமேல் யோசிக்கவில்லை.
மகன் தம்மாமிலிருந்து "ஓஷன் டேல்" என்றான்.
கடல் எங்கே கிடக்கு, நாம் எங்கே கிடக்கோம் மக்களே.
வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார்.
"ரோஸ்லெட் ஓட்டல்" என்று அடிக்கச் சொன்னேன்.
சபையில் என் பெயரை
நானே எழுந்து வாசித்ததுபோல் கூச்சம்.

அப்புறம் கிணறு.
குப்பியில் அதன் தண்ணீரை எடுத்து
மடியில் வைத்து நாகர்கோவில் பஸ் ஏறினேன்.
"தீர்த்தமா?" என்றார் கண்டக்டர்.
முடிவு வர ஐந்து நாள்.
அந்த ஐந்து நாளும் அதே தண்ணீர்தான் குடித்தோம்.
கல்யாணமாகி வந்த அன்றிலிருந்து குடிக்கிறேன்,
இருந்தும் ஒவ்வொரு மடக்கையும்
கொஞ்சம் சந்தேகத்தோடு விழுங்கினேன்.
'குடிக்க உகந்தது' என்று தாள் வந்தது.
கிணற்றுக்கு வாசித்துக் காட்டலாமா என்றிருந்தது.

டாக்டர் நகத்தைக் காட்டச் சொன்னார்.
சொறி உண்டா, சளி உண்டா, ஒரு ஊசி, ஒரு கையெழுத்து.
இருபத்துமூன்று வருஷம்
பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் வெந்த கைகள்
சமைக்கத் தகுதியானவை என
அன்று மதியம் பன்னிரண்டரைக்கு உறுதியானது.

ஆய்வுக்கு வந்த பெண் தருமபுரிக்காரி.
தரை ஓடு, ஈ வலை, மூடியுள்ள குப்பைத்தொட்டி,
எல்லாவற்றிலும் பேனா நின்று நின்று போனது.
அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது.
"கொஞ்சம் ருசி பாருங்க" என்றேன்.
"ட்யூட்டியில சாப்பிட எனக்கு அனுமதி இல்லக்கா."
சொல்லிவிட்டு
கோப்பை மூடியவள் உடனே போகவில்லை,
மூடிய கோப்போடு கொஞ்சநேரம் அங்கேயே நின்றாள்.

தீயணைப்புக்காரர் வந்துதான் கேட்டார்:
"இரண்டாவது வாசல் எங்கே?"

இருந்தது. ஆணி அடித்துக் கிடந்தது.
திறந்தால் தாசையனின் விளை.
ஒன்றரை அடிக்காக இரணியல் கோர்ட்டில்
பதினோரு வருஷமாக நடக்கிறது வழக்கு.
எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை.
எந்த ஜன்னலில் பணம் கட்டுவது?

ரப்பர் ஷீட்டைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.
திரும்பாமலே கேட்டார்.
"தீ பிடிச்சா எனக்க விளையில ஓடி வருவியோ?"
"வருவேன்."
"திங்க வந்தவனெல்லாமா?"
"எல்லாரும்தான்."
இரண்டு ஷீட் காய்ந்தது எங்களுக்கு நடுவில்.
"சாளைக்கு மாங்கா போடுவியா, புளியா?"
"மாங்கா கிடைக்கிற காலம் மாங்கா."

முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தார்.
'தீ விபத்து நேரத்தில் மட்டும்.'
'மட்டும்' என்பதன் கீழே இரண்டு கோடு.
ஆணியை என் வீட்டுக்காரர் பிடுங்கியபோது
கம்பத்தில் சாய்ந்து நின்று
ஒவ்வொன்றாய் எண்ணினார். ஒன்பது.
அடுத்த வாய்தா வருகிற பதினாலாம் தேதி,
அதில் ஒரு மாற்றமும் இல்லை.

பதினாலு இலக்கம் சட்டமிட்டுச் சுவரில் ஏறியது.
திறந்த அன்று
பெயின்ட் கடைப் பையன்கள், இரண்டு ஆட்டோக்காரர்,
சர்ச்சிலிருந்து ஒரு கூட்டம்.
ஒரு மணி வாக்கில் தாசையன்.
பின்கதவு அவர் விளையிலிருந்து நாலு எட்டு.
அவரோ தெருவைச் சுற்றி,
செருப்புக்கடை கடந்து, முன்வாசல் வழியாக வந்தார்.
பின்கதவை ஒட்டிய மேசையில்தான் உட்கார்ந்தார்.
காசை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு
கதவின் ஆணித் துளைகளைப் பார்த்தபடி
இன்னும் கொஞ்சம் கறி கேட்டார்.